ஒப்படைத்த நாளின் கூலி

கனடாவில், ஸ்ரௌவ்வில்லில் எங்கள் வீட்டுக் கராஜில், பனி தள்ளும் சவளுக்கும் மகளின் பழைய சைக்கிளுக்கும் நடுவில், ஒரு கறுப்புப் பலகை சுவரோடு சாய்ந்து நிற்கிறது. அதில் வெள்ளைப் பெயின்றால் எழுதிய வரிகள் இன்னும் மங்கவில்லை. கொழும்புக்கு இவ்வளவு, யாழ்ப்பாணத்துக்கு இவ்வளவு, சின்னப் பெட்டிக்கு இவ்வளவு, பெரிய பெட்டிக்கு இவ்வளவு. கடைசி வரி மட்டும் சிவப்பில், கோணல் மாணலாக, இடம் போதாமல் விளிம்போடு ஒட்டிக்கொண்டு இருக்கும். காரை உள்ளே விடும்போதெல்லாம் என் கணவர் அந்தப் பலகையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். "உந்தப் பலகையை எப்ப எறியப் போறீர்?" என்று கேட்பார். "என்னை எறிஞ்ச பிறகு" என்பேன். அதோடு அன்றைய விசாரணை முடியும்.

அது அண்ணையின் கடைப் பலகை. மோர்னிங்சைட் பக்கம், ஒரு சலவைக் கடைக்கும் பேக்கரிக்கும் இடையில், ஊருக்குக் கப்பலில் பெட்டி அனுப்பும் கடை ஒன்றை அவர் நடத்தினார். நான் அங்கே கவுண்டரில் வேலை செய்தேன். எனக்கு அவர் சொந்த அண்ணன் இல்லை. கடைக்கு வருகிற எல்லாருக்கும் அவர் அண்ணைதான். ஊரில் இருந்தபோது வடக்கு ரயில் பாதையில் ஒரு ஸ்ரேசனில் சாமான் பகுதிக் கிளாக்காக இருந்தவர். வெங்காய மூட்டையும் புகையிலைச் சிப்பமும் நிறுத்து, ஏற்றுகூலி எழுதி, கொழும்புக்கு ஏற்றிவிடுகிற வேலை. யுத்தத்தில் ரயில் நின்றது. பிறகு தண்டவாளத்தையே கழற்றிப் பங்கர் கட்டினார்கள். அண்ணை கனடாவுக்கு வந்துவிட்டார். ஆனால் அவருக்குள் அந்த ஸ்ரேசன் பூட்டப்படவில்லை. கடை திறந்த அன்றே, சாமிப் படம் மாட்டுவதற்கு முன்னால், இந்தக் கூலிப் பலகையைத்தான் மாட்டினாராம்.

எங்கள் ஆட்களின் பழக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கடைக்குள் காலை வைத்ததும் விலையைக் கேட்க மாட்டோம், "எனக்கு எவ்வளவு?" என்று கேட்போம். நான் இன்னாருடைய மைத்துனன், இன்ன ஊர், இன்ன கோயில் திருவிழாக்காரன் என்று ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அதற்கேற்ற விலைக்கழிவை எதிர்பார்ப்போம். அண்ணையிடம் அது நடக்காது. தலையை நிமிர்த்தாமல் பேனையால் பலகையைக் காட்டுவார். கோபித்துக்கொண்டு போனவர்கள் அவருக்குச் 'சட்டம் அண்ணை' என்று பட்டம் வைத்தார்கள். அது அவருக்குத் தெரியும். கொஞ்சம் பெருமையும் இருந்தது என்றே நினைக்கிறேன்.

பின்னேரங்களில் கடை ஓய்ந்திருக்கும்போது தேத்தண்ணீரோடு உட்கார்ந்து பழைய கதைகள் சொல்லுவார். பழைய கதை என்றால் ஊர்க்கதை இல்லை. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே கனடாவில் ரயில் கொம்பனிகள் செய்த அநியாயம். பெரிய வியாபாரியின் கோதுமைக்கு ஒரு கூலி, சின்னக் கமக்காரனின் கோதுமைக்கு இன்னொரு கூலி. பெரியவனுக்கு மறைவில் கழிவு வேறு. சனம் கத்தின கத்தலில் அரசாங்கம் ஒரு கொமிஷனைப் போட்டு, கூலியை எல்லாரும் பார்க்கும்படி வெளியில் எழுது, ஒரே தூரத்துக்கு ஒரே சாமானுக்கு ஆளுக்கொரு விலை கேட்காதே என்று கட்டிப்போட்டதாம். அவர் அதைச் சொல்லும் விதத்தில், கொமிஷனில் இருந்தவர்கள் அவருடைய பெரியப்பா சித்தப்பா என்றே புதிதாகக் கேட்பவர் நினைப்பார்.

கப்பல் கதை இன்னும் நீளம். "கப்பல்காரனைச் சும்மா விட்டால் கடலையும் சேத்து ஏத்துவான், பிள்ளை" என்பார். கப்பலின் வெளிப்பக்கத்தில் ஒரு கோடு இருக்க வேண்டும், தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டபின் ஒரு மூட்டையும் ஏற்றக்கூடாது. ஏறுகிற ஒவ்வோர் உயிருக்கும் உயிர்காப்புப் படகில் இடம் வேண்டும். எத்தனையோ பேர் மூழ்கிச் செத்த பிறகுதான் இந்தப் புத்தி சட்டத்துக்கு வந்தது என்பார். யுத்தத்தின்போது கிளாலிக் கடலை அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய வள்ளத்தில் கடந்து வந்தவர் அவர். தண்ணீர் வள்ளத்தின் விளிம்பு வரை வந்து உள்ளே எட்டிப் பார்த்ததாகச் சொல்லுவார். அதனால்தானோ என்னவோ, கொன்ரெயினர் வந்ததும் முதல் வேலையாக உள்ளே ஏறி, சுவர் நெடுகச் சிவப்புச் சோக்கால் ஒரு கோடு இழுப்பார். பெட்டிகள் அந்தக் கோடு வரைக்கும்தான். மேலே வெறும் காற்று போனாலும் பரவாயில்லை.

இன்னொரு சட்டமும் இருந்தது. ஒருமுறை கப்பல் கொம்பனி கூலியைக் கூட்டியதால் அண்ணையும் பலகையை மாற்றி எழுதினார். அதற்கு முன்னமே பெட்டியை வைத்துவிட்டுப் போன ஒரு கிழவர், கூடுதல் காசைக் கையில் பொத்திக்கொண்டு வந்து நின்றார். அண்ணை அதைத் திருப்பிக் கொடுத்தார். "அங்கிள், நீங்கள் பெட்டியை ஒப்படைச்ச நாள் போர்டிலை என்ன இருந்ததோ, அதுதான் கூலி. பிறகு ஏறினது என்ர தலையிடி." கிழவருக்கு நம்ப முடியவில்லை. எனக்கும்தான். இப்படியே போனால் என் சம்பளம் எங்கிருந்து வரும் என்று நான் அன்று வாய்விட்டே கேட்டேன்.

பலசரக்குக் கடை முதலாளி ஒருவர், தன் முழுச் சரக்கையும் எங்களிடமே தருவதாகவும், காதோடு காதாகக் கொஞ்சம் குறைத்தால் போதும் என்றும் ஒருநாள் வந்து குழைந்தார். அண்ணை மறுத்துவிட்டார். அவர் போனபின் நான் பொரிந்து தள்ளினேன். "அவருக்குக் குறைக்கிறதை ஆரின்ர தலையிலை வைக்கிறது, பிள்ளை? பார்க்டேலிலை இருந்து ரெண்டு பஸ் ஏறி வாற அந்தப் பிள்ளையின்ர தலையிலையோ?" என்றார்.

பார்க்டேல் அக்கா என்று நாங்கள் கூப்பிடும் அந்தப் பெண் ஹோட்டலில் அறை துப்புரவாக்குகிறவர். தனி ஆள். சாமான் வாங்கும் தள்ளுவண்டியில் பெட்டியைக் கட்டி, பஸ்ஸில் இழுத்துக்கொண்டு வருவார். அவருடைய தங்கை பிள்ளைகளோடு, சண்டை நடந்த வன்னிக்குள் இருந்தார்.

பிறகு அந்த வைகாசி வந்தது. யுத்தம் முடிந்தது. முடிந்தது என்று சொல்லத்தான் ஒரு சொல் இருந்தது, அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. யுத்தத்தை நிறுத்தச் சொல்லித் தெருவில் நின்று கத்திக் கத்தித் தொண்டை போனவர்கள் கடைக்கு வந்து சத்தமில்லாமல் நின்றார்கள். உயிர் தப்பி முள்வேலி முகாமுக்குள் போனவர்களின் பெயர் ஒவ்வொன்றாக வெளியே வர வர, இங்கே ஒவ்வொரு வீடும் பெட்டி கட்டியது. பால்மா, சவர்க்காரம், காய்ச்சலுக்குப் பனடோல், உள்ளுடுப்பு, சின்னப் பிள்ளைகளின் செருப்பு. வவுனியாவில் அண்ணையோடு ரயில்வேயில் வேலை செய்த ஒருவர் இருந்தார். பெட்டிகளை இறக்கி முகாம் வாசல் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதாக அவர் பொறுப்பெடுத்திருந்தார்.

பார்க்டேல் அக்கா வந்தார். தங்கை உயிரோடு இருக்கிறார், முகாமில் இருக்கிறார், மாற்று உடுப்பில்லை. அக்காவிடம் பாதிக் கூலிதான் இருந்தது. அண்ணை பலகையைக் காட்டவில்லை. ஆனால் ஓம் என்றும் சொல்லவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "ஒரு ஆளுக்கு மட்டும் குறைக்கேலாது, பிள்ளை" என்றார். அக்கா தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். நான் விடவில்லை. "உங்கட சட்டத்தையும் ஒரு பெட்டியிலை போட்டு முகாமுக்கு அனுப்புங்கோ. அதை உடுத்துக்கொண்டு இருக்கட்டும் அந்தச் சனம்!" என்று கத்திவிட்டு, நேரத்துக்கு முன்பே ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அந்தக் கோபம் நியாயம் என்றுதான் இன்றைக்கும் சொல்லுவேன்.

அடுத்த நாள் ராஜினாமாச் சொல்லத்தான் போனேன். அண்ணை கதிரையில் ஏறி நின்று பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். வெள்ளைப் பெயின்ற் முடிந்துவிட்டதாம். எங்கேயோ கிடந்த சிவப்பு. 'முகாமில் உள்ளவர்களுக்கு: கூலி இல்லை.' இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "புயலடிச்ச வருசம் மட்டக்களப்புக்குப் போன அரிசிக்கு ரயில்வே கூலி எடுக்கேல்லை. அதையும் போர்டிலை ஒட்டித்தான் செய்தது. ஒருத்தருக்கு ஒளிச்சுக் குடுக்கக் கூடாது, பிள்ளை. குடுக்கிறதெண்டால் எல்லாருக்கும் குடுக்க வேணும். ராத்திரி முழுக்க யோசிச்சுத்தான் பிடிபட்டுது, நேற்றே இது மண்டையிலை ஓடேல்லை எனக்கு." எனக்கு அழுகை வந்தது. காட்டிக்கொள்ளாமல், எழுத்து கோணல் என்று சொன்னேன்.

பார்க்டேல் அக்காவுக்கு உடனே போன் அடித்தேன். வேலை முடிந்ததும் வருவதாகச் சொன்னார். அதற்குள் செய்தி பரவி, சனம் பேக்கரி வாசல் வரை வரிசையில் நின்றது. பலசரக்கு முதலாளியும் வந்தார், ஒரு வான் நிறையப் பெட்டிகளோடு. அவருடைய மனைவியின் ஆட்களும் முகாமில்தான். அவரிடமாவது கூலி வாங்குங்கள் என்று நான் அண்ணையின் காதைக் கடித்தேன். "போர்டிலை ஆளைப் பாத்து எழுதேல்லையே" என்றார். கப்பல் கொம்பனிக்குக் கொடுக்க வேண்டியது முழுவதையும் அவர் தன் சேமிப்பிலிருந்து கொடுத்தார். வாடகையும் பாக்கி நின்றது.

கொன்ரெயினருக்குள் பெட்டிகள் சிவப்புக் கோட்டைத் தொட்டு, கதவை மூடப்போகும் நேரத்தில், தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு பார்க்டேல் அக்கா ஓடி வந்தார். ஹோட்டல் மேற்பார்வையாளர் அவரை நேரத்துக்கு விடவில்லை. அண்ணை கோட்டைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். கோட்டுக்கு மேலே தாராளமாக இடம் இருந்தது. ஒரு பெட்டி என்ன, பத்துப் பெட்டி வைக்கலாம். அண்ணை உள்ளே ஏறி, முன்வரிசையில் இருந்த ஒரு பெட்டியைத் தூக்கிக் கீழே இறக்கிவிட்டு, அந்த இடத்தில் அக்காவின் பெட்டியை வைத்துக் கதவைப் பூட்டினார். இறக்கிய பெட்டியில் அவருடைய எழுத்தில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. ஆர் என்று கேட்டேன். "தங்கச்சி. அவளும் முகாமுக்கைதான் நிக்கிறாள்" என்றார். அவருக்கு அங்கே ஒருவர் இருப்பதாக அன்றுவரை வாய் திறந்ததில்லை. "அவளுக்கு அடுத்ததிலை போகும்."

அடுத்ததிலும் யாரோ பிந்தி வந்தார்கள். மறுபடியும் அந்தப் பெட்டிதான் இறங்கியது. மூன்றாவது கொன்ரெயினருக்குக் காசு இல்லை. பனி விழும் மாரிக்கு முன் கடை பூட்டப்பட்டது. தங்கை முகாமைவிட்டு வெளியே வந்து ஊரில் ஒரு ஓலைக் கொட்டிலில் குடியேறினார். கிழமைக்கு ஒருமுறை அண்ணை போன் பேசுவார், மகனிடம் வாங்கிக் காசும் அனுப்புவார். பெட்டியை மட்டும் வேறு யாருடைய கடையிலும் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. பலகையையும் பெட்டியையும் நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். "கிடக்கட்டும், பிள்ளை" என்றார். அவ்வளவுதான்.

போன மாரியில் அண்ணை செத்துப்போனார். தங்கை விசா எடுத்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அண்ணையைப் போலவே மெலிந்து, அண்ணையைப் போலவே தலையைச் சரித்துக் கேட்கிற மனுசி. கராஜுக்குக் கூட்டிப்போய்ப் பெட்டியைக் காட்டினேன். தன் பெயரை விரலால் தடவினார். அவர் அழவில்லை, நான்தான் அழுதேன். உடைத்துப் பார்க்கச் சொன்னேன். "வேண்டாம். அண்ணை இதை ஊருக்கல்லோ அனுப்பினவர். அங்கை போய்த்தான் உடைப்பன்" என்றார். பிளேனில் கொண்டுபோகப் பாரம் கூட. கப்பலில் போட வேண்டும். எவ்வளவு வரும் என்று கேட்டார். நான் சிவப்பு வரியைக் காட்டினேன்.

அவர் அதை வாசித்தார். பிறகு அச்சாக அண்ணையின் குரலில் சொன்னார். "நான் இப்ப முகாமிலை இல்லைத்தானே, தங்கச்சி. அப்ப எனக்கு முழுக் கூலியெல்லோ?"

"இல்லை அக்கா," என்றேன். "பெட்டியை ஒப்படைச்ச நாள் போர்டிலை என்ன இருந்ததோ, அதுதான் கூலி."