ஆறு இறால்

இறாலைத் தென்னைக்கு உரமாகப் போட்டவர்கள் நாங்கள் என்றால் இன்று யார் நம்புவார்கள்? கடலூர் துறைமுகத்தில் அது கேட்பாரற்றுக் கிடந்தது. விருந்தாளிக்கு இறாலை வைக்க அம்மாவுக்கு வெட்கம். எப்பாடு பட்டாவது கறி எடுத்து வருவாள். அறுபதுகளின் நடுவில் ஐஸ் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். வெள்ளைக்காரன் தின்கிறானாம். அவ்வளவுதான், படகு கரை தொட்டதுமே இறால் முழுவதும் லாரி ஏறியது. தப்பித் தவறிச் சந்தைக்கு வந்த பொடி இறாலுக்கும் ஆட்டுக்கறியை மிஞ்சிய விலை.

நானும் அந்தக் கம்பெனிக் கொட்டகையில்தான் இறால் உரித்தேன். அப்பா போன பிறகு என் கூலியில்தான் வீட்டு அடுப்பு எரிந்தது. நாள் முழுக்க இறாலில் கை ஊறும். வீட்டில் வெறும் ரசம். என்ன கொடுமை பாருங்கள்.

அந்தச் சமயம் பார்த்து அக்கா சிதம்பரத்திலிருந்து மசக்கையோடு வந்து சேர்ந்தாள். எதைத் தின்றாலும் வாந்தி. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“ரெண்டு எறா வறுத்துக் குடுடி, போதும்.”

மசக்கைக்காரி கேட்டதைக் கொடுக்காவிட்டால் பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்பார்கள் எங்கள் பக்கம். அம்மா அதைச் சொல்லிச் சொல்லியே என் தூக்கத்தைக் கெடுத்தாள்.

மறுநாள் உரித்த இறால் ஆறை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டேன். ஐஸ் குளிரில் வயிறு மரத்துப்போனது. சாயங்காலம் வாசலில் சோதனைக்கு வரிசையாக நின்றோம். வழக்கமாகத் தூக்குச்சட்டியை மட்டும் திறந்து பார்க்கும் மேஸ்திரியம்மா அன்று கொண்டையை அவிழ்க்கச் சொன்னாள், முந்தானையை உதறச் சொன்னாள். எனக்கு முன்னால் நின்ற ஒருத்தியின் கொண்டையிலிருந்து இரண்டு இறால் விழுந்தன. “நாளையிலேர்ந்து வராத” என்றாள் மேஸ்திரியம்மா, குரலைக்கூட உயர்த்தாமல். வேலை போனவளுக்கு மூன்று பிள்ளைகள்.

அடுத்தது நான்தான். கீழே போட்டால் பின்னால் நிற்பவள் பார்த்துவிடுவாள். முடிச்சை உருவி அவிழ்த்து, இருமுவதுபோல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். பச்சை இறாலை ஒவ்வொன்றாக, மெல்லாமல் விழுங்கினேன். ஆறும் உள்ளே போயின. மேஸ்திரியம்மா என் முந்தானையை உதறினாள், இடுப்பைத் தடவினாள், ஏன் இப்படி வேர்க்கிறது என்று கேட்டாள். காய்ச்சல் என்றேன். போகச் சொன்னாள்.

வீட்டு வாசலிலேயே வாந்தி எடுத்தேன். அக்கா ஓடிவந்து தலையைப் பிடித்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். பிடி தளர்ந்தது.

“எனக்கு ஒண்ணாவது வச்சிருக்கக் கூடாதாடி?”

நடந்ததைச் சொன்னேன். நம்பியதுபோல் தலையாட்டினாள். அதன்பிறகு அவள் இறால் கேட்கவே இல்லை. மிச்ச மாசமெல்லாம் நான்தான் பயந்து செத்தேன். பிள்ளை பிறந்த அன்று எல்லோரும் ஆணா பெண்ணா என்று கேட்டார்கள். நான் துணியை விலக்கி முதலில் காதைப் பார்த்தேன்.