காற்று எழும்ப முதல்

ஓர்ஸ் ஹில் உத்தியோகத்தர் வீடுகளில் குணேஸ்வரியைப் போல வேலைக்காரி இன்னொருத்தி இல்லை. அவளிடம் ஒரு ஒழுங்கு இருந்தது. துறைமுகப் பக்கத்துக் காற்று எழும்ப முதல் வீட்டைச் சுற்றின வளவைக் கூட்டி முடிப்பாள். பிறகு வீடு: முதலில் ஒட்டடை, அடுத்தது சுவர், கடைசியில் நிலம். உள்ளறையில் தொடங்கிப் பின்பக்கமாகவே நகர்ந்து வாசலுக்கு வருவாள். துடைத்த இடத்தில் அவளுடைய காலே படாது. நாலு பேர் நாள் முழுக்க இழுத்தடிக்கிற வேலை மத்தியானத்துக்குள் முடிந்துவிடும்.

ஆனால் அறுபத்தைந்தாம் ஆண்டுக்குப் பிறகு அவளுக்கு ஏதோ கிறுக்குப் பிடித்துவிட்டது என்று அம்மாமார் கதைத்துக்கொண்டார்கள். வீட்டு ஐயா வேலைக்கு வெளிக்கிட்டால் அரை மணித்தியாலத்துக்கு விளக்குமாற்றைத் தொடமாட்டாள். அதற்குள் காற்று எழும்பிவிடும். கூட்டக் கூட்டக் குப்பை திரும்ப வந்து விழும்.

"என்ன குணேஸ்வரி, சும்மா நிக்கிறாய்?"

"ஐயா கந்தோருக்குள்ள போய் இருக்கட்டும் அம்மா."

இதற்காக ஏசினவர்களும் உண்டு, வேலையை விட்டு நிறுத்தினவர்களும் உண்டு. ஏன் என்று கேட்க மட்டும் ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை.

அவளுக்கு ஊர் சல்லி, கடற்கரைக் கிராமம். புருசன் குலசிங்கம் கடற்தொழில் செய்தவன். அந்தப் பக்கத்துப் பெண்களிடம் ஒரு வழக்கம்: ஆண்பிள்ளை கடலுக்கு வெளிக்கிட்டால் வள்ளம் கண்ணுக்கு மறையும்வரை வீடுவாசல் கூட்டக்கூடாது. கூட்டினால் போனவனையும் சேர்த்துக் கூட்டித் தள்ளினது போல.

அறுபத்துநாலு மார்கழி. அந்தப் பெரும் புயலுக்கு முதல்நாள் விடியப்புறம். குசினியோடு சேர்த்துச் சாய்ப்பாக இறக்கின பத்தியைச் சாணம் போட்டு மெழுகிவிட்டு அவள் நிமிர, துடுப்பெடுக்க வந்த குலசிங்கம் ஈர நிலத்தில் காலை வைத்துவிட்டான்.

"கண் தெரியேல்லையோ உங்களுக்கு? இப்பதானே மெழுகினனான்!"

"கத்தாதை. வந்து நானே மெழுகித் தாறன்."

சிரித்துக்கொண்டு போனான். குச்சவெளிப் பக்கம் இரண்டு நாள் தொழில். அவளுக்கோ அன்று ஓர்ஸ் ஹில்லில் ஒரு முழு வீடு காத்துக்கிடந்தது. அவன் படலையைத் தாண்டினதும் தாண்டாததுமாக வளவைக் கூட்டத் தொடங்கினாள். மணலில் அவன் நடந்த சுவடெல்லாம் விளக்குமாற்றோடு போயிற்று.

"வள்ளம் இன்னும் இறக்கேல்லையடி!" என்று பக்கத்து வளவிலிருந்து அவனுடைய அக்கா பாக்கியரத்தினம் கத்தினாள்.

"பஸ் போயிடும் மச்சாள்."

அடுத்த நாள் இரவு புயல் அடித்தது. கடல் வளவுக்குள் ஏறி மணலையும் கடற்பாசிச் சாதாளையையும் கொட்டிவிட்டுப் போயிற்று. முன்கூரை பறந்துவிட்டது. மேட்டில் இருந்த குசினியும் பத்தியும் மட்டும் தப்பின. குலசிங்கம் வரவில்லை. வள்ளத்தின் ஒரு பலகைகூடக் கரைக்கு வரவில்லை.

பாக்கியரத்தினம் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தாள்: "கூட்டித் தள்ளிப்போட்டாள் என்ர தம்பியை." குணேஸ்வரியும் அப்படித்தான் நம்பினாள்.

புயலுக்குப் பிறகு ஓர்ஸ் ஹில்லில் அவளைக் கூப்பிடாத வீடில்லை. ஒவ்வொரு நாளும் போய் அடுத்தவர் வீட்டுச் சேற்றை அள்ளிக் கொட்டினாள். அவளுடைய வளவில் சாதாளை நாறிக்கொண்டு கிடந்தது. இனிமேல் கூட்டாமல் இருந்தால் அன்றைக்குக் கூட்டினதற்கு ஈடாகும், அவன் எங்காவது ஒரு கரையில் ஏறி வந்துவிடுவான் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. பைத்தியக்கார நினைப்புத்தான். அது இல்லாவிட்டால் அவளால் காலையில் எழும்பியிருக்க ஏலாது.

ஊர் எத்தனை நாள் பொறுக்கும்? முப்பத்தோராம் நாள் கிரியை என்று பெரியவர்கள் நாள் வைத்துவிட்டார்கள். சாவுத் துடக்குக் கழிய வீடும் வளவும் துப்புரவாக வேண்டும். கிரியைக்கு முதல்நாள் விடியவே பாக்கியரத்தினம் விளக்குமாற்றோடு வந்து நின்றாள். குணேஸ்வரி அதைக் கையை நீட்டி வாங்கினாள்.

"விடுங்கோ மச்சாள். நான் கூட்டித்தான் அவர் போனவர். மிச்சத்தையும் நானே கூட்டுறன்."

காற்று எழும்ப முதல் வளவை முடித்தாள். சாதாளையை வாரிக் கொளுத்தினாள். பிறகு ஒட்டடை, சுவர், நிலம். மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். ஒன்றும் பிசகவில்லை. கடைசியாகப் பத்தி. மூலையில் தொடங்கிச் சாணம் மெழுகிக்கொண்டு பின்பக்கமாக நகர்ந்து வந்தவள், வாசலடியில் நின்றுவிட்டாள்.

அன்றைக்குப் பதிந்த குலசிங்கத்தின் கால். குதி ஆழமாக, ஐந்து விரலும் விரிந்து, காய்ந்து வெடித்துப்போய் இருந்தது.

ஒரு மாதமாகத் தூற்றின பாக்கியரத்தினம் அதைக் கண்டதும் அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். "அதை விடு குணேசு. அதையாவது விடு. என்ர தம்பியின்ர கால்."

அந்த வீட்டில் அவனுடைய சுவடு என்று மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் அவள் கூட்டித் தள்ளியது. குணேஸ்வரி சாணக் கையை அந்தரத்தில் பிடித்தபடி அதைப் பார்த்தாள்.

"வந்து மெழுகித் தாறன் எண்டவர்," என்றாள். "நானும் ஒரு மாசம் பாத்தனான் மச்சாள்."

பிறகு அந்தக் காலின் மேல் கையை வைத்து வழித்து மெழுகினாள். வழக்கம்போலப் பின்பக்கமாகவே நகர்ந்து வெளியில் இறங்கினாள். மத்தியானம் ஆக இன்னும் நேரம் இருந்தது.