இல்லாத தம்பியின் ஜம்போ விமானம்

"தம்பிக்கா லா?"

மலேசியாவின் ஈப்போ நகரில், துண்டு துண்டாக ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் விமானப் பெட்டிகள் விற்ற கடைக்குள் நான் முதன்முறை நுழைந்தபோது தவுக்கே, அதாவது சீனக் கடை முதலாளி, கேட்ட கேள்வி அது. எண்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்திரண்டு வயது. ஜெலாப்பாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. சீருடையும் பின்னலுமாக ஒருத்தி விமானப் பெட்டியைக் கையில் எடுத்தால், அவளுக்கு வீட்டில் ஒரு தம்பி இருந்தே தீரவேண்டும் என்பது அவர் கணக்கு. எனக்கு ஓர் அக்கா மட்டும்தான். அவளும் கல்யாணமாகி லூமுட்டுக்குப் போய்விட்டாள். ஆனால் கேட்டவர் முகத்தில் அவ்வளவு நம்பிக்கை. அதைக் கெடுப்பானேன் என்று "ஆமா" என்றேன்.

பிறந்த பிள்ளையை வளர்த்துத்தானே ஆகவேண்டும். தம்பி வளர்ந்தான். படிப்பில் மந்தம், கைவேலையில் கெட்டி என்று வைத்துக்கொண்டேன். தவுக்கே முன்பு தோட்டம் தோட்டமாகப் போய்ச் சாமான் விற்றவர். உடைந்த தமிழில் ஒவ்வொரு முறையும் அவனை விசாரிப்பார். ஒருசமயம் ஓவர்டைம் அதிகமாகி நான் நெடுநாள் கடைப்பக்கம் போகவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டதும், பந்து விளையாடித் தம்பிக்குக் கால் உடைந்துவிட்டது என்று வாயில் வந்ததைச் சொன்னேன். மனிதர் உருகிப்போய் ஒரு பை ஆரஞ்சு கொடுத்தனுப்பினார். ஏது என்று கேட்ட அம்மாவிடம் ஃபேக்டரியில் கொடுத்தார்கள் என்றேன். பழம் நல்ல இனிப்பு.

விமானம் ஒட்டும் வேலை எனக்குக் கடினமாக இல்லை. பகலெல்லாம் பூதக்கண்ணாடிக்குக் கீழே கடுகு அளவுச் சாமான்களை இடுக்கியால் பிடித்துப் பொருத்திக்கொண்டிருந்தவள் நான். ஆனால் பயணிகள் விமானம் பொல்லாதது. போர் விமானத்தில் பிசகினால் அதன்மேல் சேற்றைப் பூசி, சண்டையில் பட்ட காயம் என்று சொல்லிவிடலாம். இது கல்யாண வேட்டி மாதிரி; ஒரு சொட்டு சாம்பார் பட்டாலும் பந்தி முழுக்கத் தெரியும். உடலின் இரண்டு பாதியையும் ஒட்டி, ஒட்டிய கோடு விரலுக்குத் தட்டுப்படாத வரைக்கும் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். மூக்குக்குள் கனம் வைக்காவிட்டால் விமானம் வாலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்துகொள்ளும். அதற்கு அப்பாவின் தூண்டில் ஈயக்குண்டுகள் வாகாக இருந்தன. குண்டுகளை மீன்கள் திருடுவதாக அப்பா வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார்.

அப்பா லாரி ஓட்டுநர். வாரத்தில் பாதி நாள் சாலையில், மீதி நாள் ஆற்றங்கரையில். ஆகவே பெயிண்ட் நாற்றம் முழுவதும் அம்மாவின் பங்கு. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டியவள் அம்மா. ரப்பர் ஷீட்டின் நாற்றத்தைக்கூடத் தாங்கியவள் என் பெயிண்டைத் தாங்கமாட்டேன் என்றாள்.

"பொம்பளப் புள்ள இந்தக் குப்பய மோந்துகிட்டே இருந்தா எவன்டி கட்டுவான்?"

"மூக்கடைப்பு உள்ளவனாப் பாரும்மா."

நான் போகத் தொடங்கிச் சில வருடம் கழித்துக் கடையில் ஒரு போட்டி வைத்தார்கள். விதிமுறை சுருக்கம்: பயணிகள் விமானம் மட்டும், தவுக்கே தீர்ப்பே இறுதித் தீர்ப்பு. முதலில் வருபவருக்கு ஒரு பெரிய பெட்டி பரிசு. அதோடு விமானம் கடையின் கண்ணாடி ஜன்னலில், செய்தவர் பெயர் எழுதிய அட்டையோடு நிற்கும். பெட்டி யாருக்கு வேண்டும்? எனக்கு அந்த ஜன்னல் வேண்டும், அட்டை வேண்டும், அட்டையில் என் பெயர் வேண்டும். தம்பியை எந்தக் கப்பலில் ஏற்றி அனுப்புவது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று துணிந்துவிட்டேன்.

உடலில் நீலக்கோடு ஓடும் ஒரு ஜம்போவை எடுத்தேன். வெள்ளையை மெல்லிசாகப் பல தடவை பூசினேன். ஜன்னல் வரிசை ஒட்டுப்படத்தைச் சாசர் தண்ணீரில் ஊறவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கினேன். கடைசியாகப் பளபளக்கும் வார்னிஷ். தூசியும் கொசுவும் உட்காராதபடி, அம்மா சோறு மூடும் வலைக்கூடையை அதன்மேல் கவிழ்த்தேன். குழம்பு இருக்கும் என்று திறந்து பார்த்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஏமாற்றம்தான்.

கெட்ட நேரம், ஈப்போவில் தினமும் சாயங்கால மழை. வார்னிஷ் காய்வேனா என்றது. மறுநாள் போட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். அன்றைக்குப் பார்த்து ஆயுத பூசை.

எங்கள் வீட்டு ஆயுத பூசையில் வேலை செய்கிற எதுவும் தப்பாது. பழைய பால் வெட்டும் கத்தி, தையல் இயந்திரம், அப்பாவின் மோட்டார் சைக்கிள், அரைக்கும் இயந்திரம், எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைப்பாள் அம்மா. எத்தனையோ விமானம் செய்துவிட்டேன், ஒன்றைக்கூட அவள் சீண்டியதில்லை. நான் ஷிஃப்ட் முடிந்து வந்து கூடையைத் தூக்கினேன். ஜம்போ பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மூக்கில் ஒன்று, நான்கு எஞ்சினிலும் ஒவ்வொன்று. ஈர வார்னிஷில் குங்குமம் இறங்கி, வெள்ளையில் ஊறிவிட்டிருந்தது. மோட்டார் சைக்கிளுக்குப் போல எலுமிச்சம்பழமும் வைத்திருப்பாள். பதினெட்டுச் சக்கரத்தைப் பார்த்து, பழத்துக்கு எங்கே போவது என்று விட்டுவிட்டாளாம்.

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்தாள்.

"இத்தன வருசமா வைக்காம, இன்னைக்கு ஏம்மா வச்ச?"

"வேல செய்யிற சாமானுக்குத்தான வப்பாங்க? நீ வேலயில இருந்து வந்து இந்த வேலயத்தான செய்யிற? பாவம்னு வச்சேன்டி."

அதற்குமேல் எனக்குக் கோபப்படத் தெரியவில்லை. சுரண்டிப் பார்த்தேன், வெள்ளையும் சேர்ந்து வந்தது. விட்டுவிட்டேன். மறுநாள் நான் கிளம்பும்போது அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். கெடுத்தது அவள்தானாம், அவளே வந்து தவுக்கேயிடம் சொல்வாளாம். எவ்வளவு தடுத்தும் கேட்கவில்லை. பேருந்தில் விமானத்தைக் குழந்தைபோல மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்க, நான் தம்பியை நினைத்து வியர்த்துக்கொண்டிருந்தேன்.

கடை மேசையில் ஏற்கெனவே ஒரு விமானம் இருந்தது. லூமுட் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த ஓர் இளைஞருடையது. ஒரு புள்ளி பழுது இல்லை. அவரும் பக்கத்தில் நின்றிருந்தார். அம்மாவைப் பார்த்ததும் தவுக்கேக்கு ஒரே சந்தோஷம்.

"அம்மாவா? உன் மகன் கால் நல்லா ஆச்சா? நான் குடுத்த ஆரஞ்சு சாப்ட்டானா?"

"எந்த மகன்? எனக்கு ரெண்டும் பொட்டப் புள்ளைங்க லா."

அம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"அந்த ஆரஞ்சு இதுதானாடி?"

நான் மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்தேன். தவுக்கே என்னையும் விமானத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப யார் செஞ்சது? பொம்பளப் பிள்ளையா? சும்மா சொல்லாத லா."

அவர் சிரித்திருக்கக் கூடாது. அம்மாவின் தோரணை மாறிவிட்டது.

"சும்மாவா? வீடு பூரா நாத்தம். மோந்து மோந்து எனக்குத் தலவலி. கோடு தேய்க்கிறேன்னு தொட்டித் தண்ணியெல்லாம் காலி பண்ணுவா. இவதான் செஞ்சா. இந்தப் பொட்டு மட்டும் நான் வச்சது. தப்பு என்னோடது, அவளோடது இல்ல."

தவுக்கே விமானத்தைத் தூக்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். வெள்ளையில் அவர் முகம் தெரிந்தது. வேலை நல்ல வேலைதான், ஆனால் மூக்கு கெட்டுப்போயிற்றே, பரிசு கடற்படைக்காரருக்குத்தான் என்றார்.

சுங்கை சிப்புட் சந்தையில் மீன்காரர்களை அழவைத்தவள் அம்மா. அங்கே வாங்க வந்தவளாக நிற்பாள். இங்கே விற்க வந்தவளாக நின்றாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

"பொட்டு எல்லாம் முன்பக்கம்தான இருக்கு? ஜன்னல்ல பக்கவாட்டுலதான வைப்ப?"

"அப்படி இல்ல அக்கா..."

"சரி, பெட்டிய அந்தத் தம்பிக்கே குடு. எங்களுக்கு ஜன்னலக் குடு."

"ரெண்டும் ஒரே ஆளுக்குத்தான் லா."

"அப்ப வேணாம். வாடி போலாம்."

விமானத்தைத் தூக்கிக்கொண்டு அவள் நடந்தே விட்டாள். மீன் சந்தையில் இதற்குப் பிறகு நடப்பது எனக்குத் தெரியும். ஆனால் இங்கே கூப்பிடாமல் விட்டுவிட்டால்? அவள் பின்னால் போனேன். வாசலைத் தாண்டும் நேரத்தில் கடற்படைக்காரர்தான் சிரித்துக்கொண்டே தவுக்கேயிடம் மலாயில் ஏதோ சொன்னார். தனக்குப் பெட்டி போதும் என்றிருக்க வேண்டும்.

"அக்கா! அக்கா! இரு லா!"

அம்மா உடனே திரும்பவில்லை. அதுவும் தொழில் ரகசியம்.

தவுக்கே ஜம்போவை ஜன்னலில் வைத்தபோது, பக்கவாட்டில் வைக்கவில்லை. மூக்கு தெருவைப் பார்க்கும்படி, பொட்டுத் தெரிய வைத்தார். சிவப்பு கடைக்கு ராசியாம். பிறகு அட்டையையும் பேனாவையும் எடுத்து என் பெயரைக் கேட்டு எழுதினார். எங்கள் பெயர்கள் இந்த நாட்டில் அங்கேயே முடிந்துவிடுவதில்லை. அடையாளக் கார்டிலிருந்து கிளினிக் அட்டை வரைக்கும், இன்னாரின் மகள் என்று அப்பாவின் பெயர் வந்தாக வேண்டும். தவுக்கேக்கும் அது பழக்கம்.

"அப்பா பேரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"அவரு பேரு எதுக்கு? பெத்தது நானு. என் பேரப் போடு."

தவுக்கே என்னைப் பார்த்தார். தலையை ஆட்டினேன். என் பெயருக்குப் பக்கத்தில், மகள் என்ற சொல்லுக்குப் பின்னால், அம்மாவின் பெயரை அன்றைக்குத்தான் எழுத்தில் பார்த்தேன்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. வெளியே வந்து கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, அட்டையில் எது அவள் பெயர் என்று கேட்டாள். விரல் வைத்துக் காட்டினேன். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கேட்டாள். அதையும் காட்டினேன். பேருந்து வரும்வரை அவள் அங்கேயே நின்றாள். விமானத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.