மாமனார் படித்த பள்ளிக்கூடம்

எழுபதுகளின் தொடக்கம். எனக்குக் கல்யாணமான புதிது. ஆசிரியர் பயிற்சி முடித்திருந்தேன். பாலக்கோட்டில் ஒரு பள்ளியில் சேரச் சொல்லி உத்தரவும் வந்துவிட்டது. திங்கட்கிழமை போய்ச் சேராவிட்டால் அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

மாமனார் மசியவில்லை. "நம்ம வூட்டுல சோத்துக்கா பஞ்சம்? மருமவ பஸ் ஏறிப் போயி சம்பாரிக்கோணுமா?" என்று கேட்டு, அத்தோடு பேச்சை முடித்துவிட்டார். மாரண்டஹள்ளியில் காய்கறி மண்டி வைத்திருந்தவர். அவர் குரல் கொடுத்தால் சந்தையே அடங்கும். என் கணவரோ அவர் எதிரில் இருமக்கூட யோசிப்பார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வாரம் முழுக்க அடுப்படியில் பாத்திரங்கள்தான் அடி வாங்கின.

ஞாயிற்றுக்கிழமை எங்களையெல்லாம் கம்பைநல்லூர்ப் பக்கம் இருந்த தன் சொந்த ஊருக்குக் கூட்டிப்போனார். அவர் படித்த ஓட்டுப் பள்ளிக்கூடத்தை, பக்கத்திலேயே புதுப்பள்ளி வந்த பிறகும் இடிக்காமல், சுண்ணாம்பு அடித்துக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். கரும்பலகை, வாத்தியார் மேசை, பிரம்பு, பிள்ளைகள் விரலால் எழுதிப் பழகும் மணல் எல்லாம் அப்படியே இருந்தன. சுவரெல்லாம் தானே கட்டியவர்போல மாமனார் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தார்.

உள்ளே ஒரே கூச்சல். பார்க்க வந்தவர்களின் பிள்ளைகள் மணலை வாரி இறைத்தன. ஒன்று மேசைமேலேயே ஏறி நின்றது. "பழைய சாமானுங்க, பாத்துங்க" என்று காவல்காரர் கெஞ்சினார். யார் கேட்டார்கள்? எனக்கு ஏற்கெனவே கோபம் உச்சந்தலையில் நின்றது. பிரம்பை எடுத்து மேசையில் ஓங்கித் தட்டினேன்.

"எல்லாரும் உக்காருங்க! கை கட்டுங்க!"

கூச்சல் நின்றது. பிள்ளைகள் உட்கார்ந்தன. அவர்களுக்குப் பின்னால், வெள்ளை வேட்டி மணலில் புரள, சம்மணம் போட்டுக் கை கட்டி என் மாமனாரும் உட்கார்ந்திருந்தார். பழக்கதோஷம்! தான் என்ன செய்தோம் என்பது அவருக்கே சற்றுக் கழித்துத்தான் உறைத்தது.

அத்தை வாய்விட்டுச் சிரித்தார். "கண்ணாலமான நாள்ல இருந்து நானும் செத்த உக்காருங்கன்னு கத்தறேன். இந்த மனுசன் கேட்டிருக்காரா?"

கூட்டமே சிரித்தது. மண்டிக்காரரைச் சொந்த ஊரிலேயே தரையில் உட்கார வைத்துவிட்டேனே! பிரம்பைக் கீழே வைக்கப் போனேன்.

"எதுக்கு வெக்கற? பாடத்த நடத்தும்மா" என்றார் மாமனார், எழுந்திருக்காமலே.

நடத்தினேன். ஒரு கூடைத் தக்காளியை நாலு வீட்டுக்குப் பங்கிடும் கணக்கு. பிள்ளைகள் விரல் மடக்குவதற்குள் அவர் விடையைச் சொல்லிவிட்டார்.

"கைய தூக்கிட்டுச் சொல்லோணுங்க மாமா."

கையைத் தூக்கினார்! அந்த நிமிடம் எனக்கு இருந்த சந்தோஷத்தை இன்றைக்கும் சொல்லி மாளாது. கரும்பலகை நிறைய எழுதி, தொண்டை கட்டும்வரை சொல்லிக்கொடுத்தேன்.

வெளியே வரும்போது காவல்காரர் மாமனாரிடம் கேட்டார். "யாருங்க அந்த டீச்சரு?"

மாமனார் வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டார். பிறகு மண்டிக் குரலில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"எங்க மருமவதானுங்க. நாளைக்குப் பாலக்கோட்டுல வேலைக்குச் சேருது."