சித்தூரிலிருந்து ரேணிகுண்டா: கரி பஸ்ஸில் ஒரு பங்சர்

இந்தச் சண்டைக் காலத்தில் சித்தூரிலிருந்து ரேணிகுண்டாவுக்குப் போக நினைப்பவர்களுக்கு என் முதல் புத்திமதி: காலை ரயிலைப் பிடித்துவிடுங்கள். எனக்கு அது வாய்க்கவில்லை. பட்டாளத்தில் லாரி ஓட்டும் என் தம்பி சாமுவேல் மதராஸிலிருந்து பம்பாய்க்குப் போகிறான், அங்கிருந்து கப்பல், அவன் ரயில் மாலை நாலரைக்கு ரேணிகுண்டாவில் தண்ணீர் பிடிக்க நிற்கும் என்ற தகவல் என் கைக்கு வந்தபோது காலை ரயில் போய்விட்டிருந்தது. என் மகளுக்கு ஒன்பது மாதம். தாய்மாமன் அவளை இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. கப்பலேறுகிறவன் எப்போது திரும்புவான் என்று யாரைக் கேட்பது? என் வீட்டுக்காரருக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை நேரம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் தனியாகக் கிளம்பினேன்.

பத்து மணி பஸ் திருப்பதி வரைக்கும்தான் போகும். நாற்பத்து மூன்று மைல், டிக்கெட் ஒரு ரூபாய். அதற்கப்பால் ரேணிகுண்டாவுக்கு ஆறு மைல், ஜட்கா வண்டி பிடிக்க வேண்டும். பெட்ரோலுக்குப் பஞ்சம் என்பதால் எல்லாம் கரி பஸ். பின்னால் ஓர் ஆள் உயரத்துக்குக் கரி அடுப்பு, ஏற்றம் வந்தால் பஸ்ஸுக்கு மூச்சு வாங்கும். ஓட்டியவர் காதர் பாய். என்னைத் தவிர மற்றவர்கள் பெரும்பாலும் மஞ்சள் துணி உடுத்திய ஒரே கூட்டம், மலைக்கு மொட்டை போடப் போகிறவர்கள். அவர்களுக்குத் தலைவி முனியம்மா, சித்தூர்ச் சந்தையில் கத்தரிக்காய் விற்கிறவள். பஸ் கிளம்பியதும் அவள் ஒரு "கோவிந்தா" போட்டதில் என் மகள் விழித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அப்போதே எரிச்சல்.

பூதலப்பட்டு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பின்சக்கரம் படாரென்றது. மாற்றுச் சக்கரம் எங்கே என்றேன்.

"அதாம்மா இப்ப வெடிச்சது. புது டயர் எங்க கெடைக்குது? எல்லாம் பட்டாளத்துக்குப் போவுது," என்றார் பாய்.

ஒரு மைல் பின்னால் நரசிம்முலு என்று ஒருவன் இருக்கிறானாம், லாரிகளுக்குப் பங்சர் ஒட்டுகிறவன். சக்கரத்தைக் கழற்றி இரண்டு ஆண்கள் உருட்டிக்கொண்டு போனால் சீக்கிரம் முடிந்துவிடும் என்றார் பாய். மஞ்சள் துணிக்காரர்களில் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை.

"மலைக்குன்னு பொறப்பட்டாச்சு. திரும்பி ஒரு அடி வெக்க மாட்டோம்," என்றாள் முனியம்மா. "வேண்டுதல் கெட்டுப்பூடும்."

"என் தம்பி கப்பலேறப் போறான்மா," என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

"தெரியுது கண்ணு. சாமிக்கு சொன்ன சொல்லும் இருக்குதே. நீ கொழந்தயக் குடு, வெயில்ல வாடுது." அவளே என் மகளை வாங்கிப் புளியமரத்தடிக்குக் கொண்டுபோனாள்.

பூதலப்பட்டுப் பக்கம் போன சைக்கிள்காரர் ஒருவரிடம் பாய் சொல்லி அனுப்பினார். காத்திருந்து காத்திருந்து, ஒரு மணிக்கு மேல் நரசிம்முலு வந்தான். பட்டறையையே மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான்: ஜாக்கி, இரும்புப் பட்டைகள், பம்பு, ரப்பர்த் துண்டுகள். வாயும் கூடவே வந்தது. மதராஸ் வரைக்கும் தன்னைப் போல் ஆள் கிடையாது என்றான்.

டயரிலிருந்து அவன் பிடுங்கியது மாட்டு லாடத்தின் ஆணி. பாய் அதை வாங்கிப் பார்த்தார், பிறகு அவன் மாட்டின் குளம்பைக் குனிந்து பார்த்தார்.

"இன்னா பாய், என் மாட்டோடதா?" என்றான் அவன் தெலுங்கு கலந்த தமிழில். "ஈ ரோட்டுல ஆயிரம் மாடு போய்க்கினு இருக்குது."

ஓட்டையைக் கண்டுபிடிக்க ட்யூபைத் தண்ணீரில் அமுக்க வேண்டும். பக்கத்தில் கிணறு இல்லை. முனியம்மாவின் ஆட்கள் குடிக்க வைத்திருந்த குடத்து நீரை அவனுடைய தகரத் தொட்டியில் ஊற்றினார்கள். குமிழி வந்த இடத்தில் ரப்பர்த் துண்டை வைத்துக் கவ்வியில் இறுக்கி, துண்டின் முதுகிலிருந்த எரிமருந்தைத் தீக்குச்சியால் பற்றவைத்தான். புகை அடங்கியதும் ஒட்டிக்கொண்டிருந்தது. டயரின் கிழிசலுக்கு உள்ளே பழைய டயர்த் துண்டு ஒன்றைக் கொடுத்தான்.

காற்றடிப்பதுதான் பெரிய வேலை. கைப் பம்பு, லாரி டயர். மஞ்சள் துணிக்காரர்கள் வரிசையாக வந்து அடித்தார்கள், ஒவ்வோர் அடிக்கும் ஒரு கோவிந்தா. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பத்துப் பெண் நான், கடைசியில் நானும் பம்பைப் பிடித்தேன். வாயை மட்டும் மூடிக்கொண்டேன். என் மகள் முனியம்மா மடியில் ஒவ்வொரு கோவிந்தாவுக்கும் சிரித்தாள்.

திருப்பதிக்குள் நுழையும்போது மணி நாலு. ஜட்காவில் போனால் ரயில் போயே போய்விடும். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை. முனியம்மா என்னைப் பார்த்தாள், பிறகு பாயைப் பார்த்தாள்.

"பாய், நேரா ரேணிகுண்டாவுக்கு வுடு. நாங்க அப்பறம் எறங்கிக்கறோம்."

"மலையத் தாண்டிப் போவணும். உங்களுக்குப் பரவால்லியா?"

"புள்ளய மாமன் பாக்கணும் இல்ல? வுடு."

பாய் வண்டியை விட்டார். முதலாளி கேட்டால் கரி போடப் போனதாகச் சொல்லிக்கொள்வாராம். அப்போது முனியம்மா எழுந்து, பெஞ்சில் பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் திரும்பிக்கொண்டார்கள். குலுங்குகிற பஸ்ஸில், கரிப்புகை முகத்திலேயே அடிக்க, மலையைப் பார்த்தபடி ஆறு மைலும் வந்தார்கள். மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவர்கள் பாயும் நானும்தான்.

ரயில் நின்றுகொண்டிருந்தது. ஜன்னல் வழியாகக் குழந்தையைக் கொடுத்தேன். சாமுவேல் அவளைத் தூக்கிப் பிடித்து, "அக்கா, நைனா மூக்கு," என்றான். அப்பாவின் மூக்குதான். விசில் ஊதியபோது திருப்பித் தந்தான்.

போகிறவர்கள் கவனிக்க: மாற்றுச் சக்கரம் இருக்கிறதா என்று ஏறுமுன் கேளுங்கள். குடிக்கவும் ட்யூபுக்குமாகத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். பூதலப்பட்டுப் பக்கம் சக்கரம் வெடித்தால் நரசிம்முலுவுக்குச் சொல்லி அனுப்புங்கள், ஆணியைப் பற்றி மட்டும் பேசாதீர்கள். மஞ்சள் துணிக்காரர்கள் ஏறினால் அந்த பஸ்ஸிலேயே போங்கள்.

நான் பஸ்ஸுக்குத் திரும்பியபோது அவர்கள் இன்னும் மலையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்கள்.

"மாமன் தூக்கினாரா?" என்றாள் முனியம்மா, திரும்பாமலே.

"தூக்கினான் அக்கா."

பாய் வண்டியைத் திருப்பினார். மலை முன்னால் வந்ததும் எல்லோரும் எழுந்து நேராக உட்கார்ந்தார்கள். முனியம்மா கோவிந்தா என்றாள். இந்த முறை என் வாயிலும் வந்துவிட்டது.