நங்கையின் கழுத்தில் நான் வரைந்த கோடு

நங்கையின் கழுத்தில் நான் வரைந்த கோடு, அழிந்துபோன கோட்டின் மேல்தான் விழுந்ததா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நங்கை என்று நான் கூப்பிடுவது என் கணவரின் அக்காவை. தன் கணவர் இறந்தபின் அவர் ராசிபுரத்தில் எங்களோடு இருக்கிறார். புகையிலை அடக்கும் வலது கன்னத்தில் வந்த புண், புற்றுநோய் என்று தெரிந்ததும் சென்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒன்றரை வயது மகளை என் அம்மாவின் பொறுப்பில் வீட்டில் விட்டுவிட்டு நான் துணைக்குப் போனேன்.

கோபால்ட் கதிர் வைப்பதற்கு முன், டாக்டர் கன்னத்திலிருந்து கழுத்து வரை ஊதா மையால் கட்டம் போட்டார்.

"நல்ல சதை எது, கெட்ட சதை எதுன்னு அந்த மெசினுக்கு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டார் நங்கை.

"தெரியாதும்மா. அதனாலதான் கோடு போடறோம்" என்றார் டாக்டர்.

நான் பள்ளியிறுதி வரை படித்தவள் என்று அறிந்து, எனக்குக் கொஞ்சம் விளக்கினார். கதிர் இரண்டு வகைச் செல்களையும் தாக்கும். நல்ல செல் அடிபட்டாலும் சில மணி நேரத்தில் பெரும்பாலும் தன்னைச் சரிசெய்துகொள்ளும். நோய்ச் செல்லுக்கு அந்தத் திறமை குறைவு. பழுதோடேயே பெருகப் பார்த்து மடியும். அதனால்தான் ஒரேயடியாகக் கொடுக்காமல் தினம் கொஞ்சமாகக் கொடுக்கிறார்களாம். கட்டத்துக்கு வெளியே நிற்கும் நோய்ச் செல் பிழைத்துக்கொள்ளும். மையில் தண்ணீர் படக்கூடாது என்று இரண்டு முறை சொன்னார்.

மூன்றாம் வாரம் வாயெல்லாம் வெந்து, கஞ்சிகூட இறங்கவில்லை. புண் ஆறட்டும் என்று ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைவது எங்கள் வழக்கம். அதோடு, நங்கையின் உடம்பில் கதிர் ஒட்டிக்கொண்டிருந்து மகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று ரயிலிலேயே பயந்துகொண்டு வந்தேன். டாக்டரிடம் கேட்டிருக்கலாம், வெட்கமாக இருந்தது. கிணற்றடியில் நங்கையை உட்காரவைத்து நானே ஊற்றினேன். மூன்றாவது சொம்பில் ஊதா நிறம் தோளில் வழிந்தபோதுதான் என் கை நின்றது.

நான் அழுதேன். நங்கை அழவில்லை. "ஊட்டுக்குள்ள வாரதுக்குள்ள புடிச்சு ஒக்கார வெச்சு ஊத்துனவ நீதான். படிச்சவளும் நீதான். நீயே போட்டுடு சாமி. கோலம் அழிஞ்சா மறுக்காப் போடறதில்லையா?"

நனைத்தால் ஊதாவாக எழுதும் காப்பி பென்சில் ஒன்று என் கணவரிடம் இருந்தது. அதை நனைத்து, மங்கலாக மிஞ்சியிருந்த மேல்கோட்டை வைத்து மற்றதை ஞாபகத்திலிருந்து வரைந்தேன். திரும்பிப் போனபோது வேறொரு டாக்டர் இருந்தார். கோட்டைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மீதி நாட்களும் கதிர் என் கட்டத்துக்குள்தான் விழுந்தது.

எட்டு மாதமாகிறது. கன்னத்துப் புண் ஆறிவிட்டது. கருத்த தோல் உரிந்து புதுத்தோல் வந்திருக்கிறது. ஆனால் தாடைக்குக் கீழே, என் கோடு இருந்த ஓரத்தில், புளியங்கொட்டை அளவுக்கு ஏதோ தட்டுப்படுகிறது. தழும்பாக இருக்கலாம். விட்டுப்போன நோயாகவும் இருக்கலாம். வலியில்லை, விடு என்கிறார் நங்கை. மகள் அவர் மடியில்தான் தூங்குகிறாள். கதிர் உடம்பில் தங்காது என்று பின்னால் தெரிந்துகொண்டேன், இப்போது நான் தடுப்பதில்லை.

அடுத்த மாதம் மறுபரிசோதனை. கோட்டை நான் போட்டதை டாக்டரிடம் சொல்லத்தான் வேண்டும். அங்கே தொட்டுப் பார்க்க அவருக்குத் தெரிய வேண்டுமே. ஆனால் நங்கை பக்கத்தில் இருப்பார். "நீயே போட்டுடு" என்று சொன்ன தன் வாயால் வந்த வினை இது என்று எடுத்துக்கொள்வாரோ என்று பயமாக இருக்கிறது. இப்படி ஒருவரைக் கூட இருந்து பார்த்துக்கொண்டவர்கள் இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள்: முதலில் நங்கையிடம் பேசிவிட்டுப் போவதா, டாக்டரைத் தனியே பார்த்துச் சொல்வதா?