போயிட்டு வரேன் என்று சொல்ல வைத்த வீடு

மலேசியாவில், கெடா மாநிலத்து அலோர் ஸ்டாருக்கு வெளியே இருக்கும் எங்கள் தாமானில் இது நடந்து மூன்று நான்கு வருடம் இருக்கும். தாமான் என்றால் வரிசையாக ஒரே மாதிரி வீடுகள், இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். பக்கத்து வீட்டில் மிளகாய் வதக்கினால் நமக்குத் தும்மல் வரும். நான் பெண்டாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி இங்கே வந்த பிறகும் தோட்டத்துப் பழக்கம் ஒன்று என்னை விடவில்லை. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பேன். தலையை எந்தப் பக்கம் வைப்பது, வாய்க்கரிசி யார் முதலில் போடுவது, எல்லாம் எனக்கு அத்துப்படி. அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, மறைப்பானேன்.

பக்கத்து வீட்டு அக்கா கிறிஸ்தவர். வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பார். அவர் கணவர், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், கோலா கெடாவிலிருந்து மீன் ஏற்றிப் போகும் லாரி ஓட்டியவர். சர்க்கரை நோயில் இரண்டு சிறுநீரகமும் கெட்டுப் போய், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அந்த வருடம் ஆள் பாதியாகிவிட்டார். எந்த நேரமும் சேதி வரலாம் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

அன்று வெள்ளிக்கிழமை. கெடாவில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை, ஞாயிறு வேலை நாள். நான் பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைப்பவள் என்பதால் வெள்ளியன்று வீட்டில் இருப்பேன். காலை பத்து மணிவாக்கில் துணி காயப்போட வெளியே வந்தால், பக்கத்து வீட்டு வாசலில் இரண்டு கார். இறங்கியவர்கள் எல்லோரும் வெள்ளை உடுப்பு. விடிந்ததிலிருந்து அந்த வீட்டில் அடுப்பு வாசனையே இல்லை, தையல் மெஷின் சத்தமும் இல்லை. உள்ளே யாரோ மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஜெபம் சொல்வது கேட்டது. எனக்குப் பகீரென்றது. அண்ணன் போய்விட்டார் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

துணி வாளியை அப்படியே போட்டுவிட்டு, பழைய சேலைக்கு மாறி, முடியை அவிழ்த்துக்கொண்டு ஓடினேன். "எங்கள விட்டுட்டுப் போயிட்டீங்களே அண்ணே" என்று வாசலிலேயே ஒப்பாரியை ஆரம்பித்தேன். அழுதபடியே உள்ளே நுழைந்தால், அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

"நான் இன்னும் போகல தங்கச்சி. போறப்ப சொல்றேன் லா" என்றார்.

பத்துப் பேர் இருந்த வீட்டில் எல்லோரும் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு மானம் கப்பலேறிவிட்டது. அக்காதான் என் கையைப் பிடித்து உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னார். அன்று பெரிய வெள்ளியாம். கிறிஸ்துவைச் சிலுவையில் அறைந்த நாள். மதிய ஆராதனை முடிகிற வரை அடுப்பு மூட்ட மாட்டார்களாம். தோட்டங்களிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் இங்கே கூடி, ஜெபம் சொல்லிவிட்டு, ஒன்றாகக் கோயிலுக்குப் போவார்களாம். பெரிய வெள்ளி என்று ஒரு நாள் இருப்பது எனக்கும் தெரியும். ஆனால் அது இப்படிச் சாவு வீடு மாதிரி இருக்கும் என்று தெரியாது.

அவமானப்பட்டால் எனக்கு வாய் நிற்காது. "சாமி சாவாராக்கா? செத்துட்டா அப்புறம் என்ன சாமி?" என்று கேட்டுவிட்டேன். வேறு வீடாக இருந்தால் வெளியே போ என்றிருப்பார்கள்.

அண்ணன்தான் பதில் சொன்னார். மூச்சு வாங்க, விட்டு விட்டுச் சொன்னார். "அவரு எப்பவும் சாமிதாம்மா. உலகம் உண்டாகறதுக்கு முன்னாடியே இருந்தவரு. நமக்காக மனுசனா வந்தாரு, அதனால சாவு வந்துச்சு. சாமியா இருக்கறதால சாவால அவரைப் பிடிச்சு வைக்க முடியல."

நான் அதோடு விட்டேனா? "அவ்வளவு பெரிய சாமி உங்களுக்கு ஏன் இன்னும் சொகம் குடுக்கல?" என்றேன். கேட்ட உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்கா முகம் ஒரு கணம் வாடியது.

அண்ணன் கோபப்படவில்லை. "சொகம் குடுத்தாதான் சாமியா? நான் பொறக்கறதுக்கு முன்னாடியும் அவரு ராஜா, நான் போன பிறகும் அவரு ராஜா. என் கிட்னி நின்னா அவரு ஆட்சி நின்னுடுமா?" என்றார்.

என் பக்தி அப்படிப்பட்டது இல்லை. மகன் பரீட்சைக்கு நேர்ந்துகொண்டு, மதிப்பெண் குறைந்ததும் இரண்டு மாதம் கோயில் பக்கமே போகாதவள் நான்.

எழுந்து சத்தம் காட்டாமல் கிளம்பினேன். அக்கா வாசல் கேட் வரை வந்தார். "சொல்லிக்காமப் போறியேம்மா?" என்றார்.

"துக்க வீட்டுல போயிட்டு வரேன்னு சொல்லக் கூடாதேக்கா" என்றேன். எங்கள் வழக்கம் அது. சாவு வீட்டில் அப்படிச் சொன்னால், இன்னொரு சாவுக்குத் திரும்பி வருவேன் என்று அர்த்தமாகிவிடும். நம் வீட்டுக்கே அது வந்தாலும் வரும் என்று ஒரு பயம்.

"இந்தத் துக்கம் மூணாம் நாள் வரைக்கும்தாம்மா. இங்க நீ தாராளமா சொல்லலாம்" என்றார் அக்கா. நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த ஞாயிறு கிறிஸ்து உயிர்த்தெழுந்த ஈஸ்டர் நாள்; வேலை நாள் என்பதால் அவர்கள் ஆராதனை விடிவதற்கு முன்பே நடந்திருக்கிறது. நான் கேண்டீனுக்கு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களை வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது அவர்கள் கார் வந்து நின்றது. "எந்திரிச்சுட்டாரும்மா" என்றார் அக்கா, வீட்டு ஆள் ஒருவர் ஊரிலிருந்து வந்துவிட்டதைச் சொல்வது போல. அண்ணன் காருக்குள்ளிருந்து கையை உயர்த்திக் காட்டினார்.

ஐந்தாறு மாதம் கழித்து ஒரு மதியம், டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்கு வந்தவர் கண்ணை மூடிவிட்டார்.

இந்த முறை முதல் ஆளாக ஓட எனக்குக் கால் வரவில்லை. துக்கத்தோடு கூடவே மனதில் ஒரு கெட்ட எண்ணமும் இருந்தது. அன்று அவ்வளவு பேசினார்களே, இன்று அக்கா என்ன செய்வார் பார்ப்போம் என்று. ஒளிக்காமல் சொல்கிறேன், அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. போனபோது அக்கா சவப்பெட்டியின் கால்மாட்டைக் கட்டிக்கொண்டு கதறிக்கொண்டிருந்தார். பேசுவது சுலபம், தாங்குவது கஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஜெபம் தொடங்கியது. கிறிஸ்து என்றென்றைக்கும் அரசாள்கிறார் என்ற இடம் வந்ததும், அக்கா அழுதுகொண்டே சுவரைப் பிடித்து எழுந்து நின்றார். தொடர்ந்து வந்த பாட்டில் அவர் குரல் உடைந்து உடைந்து வந்தது, ஆனால் நிற்கவில்லை. கேட்டதைக் கொடுத்த சாமியை யார் வேண்டுமானாலும் கும்பிடுவார்கள். கேட்டது கிடைக்காத நாளில், புருஷனின் உடலுக்குப் பக்கத்தில் நின்று, நீர்தான் ராஜா என்று சொன்ன ஒருவரை நான் அன்றுதான் பார்த்தேன். என் தலைக்கனம் எல்லாம் அந்தக் கூடத்திலேயே இறங்கிப் போனது.

அடக்கம் முடிந்து திரும்பிய பிறகு, வழக்கம்போலச் சொல்லாமல் நழுவப் பார்த்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் இரண்டும் வீங்கியிருந்தது. "இப்பவும் சொல்லலாம்மா" என்றார்.

என் கணவருக்கும் சர்க்கரை இருக்கிறது. அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் அவர் படுத்திருந்தார். அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா அவசரப்படுத்தவில்லை, கையையும் விடவில்லை. கடைசியில், "போயிட்டு வரேன்க்கா" என்றேன்.

"போயிட்டு வா" என்றார்.

நான் மதம் மாறவில்லை, வெள்ளிக்கிழமை விளக்கேற்றத்தான் செய்கிறேன். சாமியோடு பேரம் பேசுவதை மட்டும் விட்டுவிட்டேன். வேறு எந்தத் துக்க வீட்டிலும் அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை. ஆனால் கணவரின் ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு முறையும், சாவைவிடப் பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்று உறுதியாக நம்பிய அந்த அக்காவின் கை, என் கையைப் பிடித்திருப்பது போலவே இருக்கிறது.